கேட்கவும் காட்டவும் எமது சங்கம் ஆயத்தமா?

காணி, வீடு, குளம், விதை நெல், நிவாரணம் ஆகியவை பற்றிய முடிவுகளே இடம்பெயர்ந்த ஒரு கமக்காரக் குடும்பத்தின் வாழ்வை நிர்ணயிக்கின்றன. இம்முடிவுகள் பெரும்பாலும் ஓர் அலுவலகக் கோவையிலேயே எழுதப்படுகின்றன. அக்கோவையைத் திறந்து பார்க்கும் உரிமை நீண்ட காலமாக எமது மக்களுக்கு இருக்கவில்லை. 2015இல் அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் தகவலைப் பெறுவதைப் பிரசைகளின் அடிப்படை உரிமையாக்கியது. அதனைச் செயற்படுத்தும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது.

சட்டம் இருக்கின்றது. அதைக் கையாள எமது கிராம அபிவிருத்திச் சங்கமும் கமக்காரர் அமைப்பும் மீள்குடியேற்றக் குழுவும் ஆயத்தமாக உள்ளனவா? இந்த ஆயத்தத்திற்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று, அரசிடம் கேட்பதற்கான ஆயத்தம். மற்றையது, எம்மிடம் கேட்கப்படும்போது காட்டுவதற்கான ஆயத்தம். இரண்டாவது இல்லாத இடத்தில் முதலாவது நிலைக்காது என்பதையே இப்பாடத்தில் சிந்திக்கின்றோம்.

1. சட்டம் தரும் வழி

பிரதேச செயலகம், கமநல சேவை நிலையம், பிரதேச சபை, திணைக்களம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு தகவல் அலுவலரை நியமிக்க வேண்டும். அவருடைய விபரத்தை மக்கள் காணக்கூடிய இடத்தில் ஒட்டி வைக்கவும் வேண்டும். விண்ணப்பிப்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்கலாம். அதை எழுத்தில் பதிவது அலுவலரின் கடமை.

கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென நியமிக்கப்பட்ட அலுவலரிடம் செல்லலாம். அவர் மூன்று வாரங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையெனில் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவை நாடலாம்.

தேசிய பாதுகாப்பு, தனிநபரின் அந்தரங்கம் போன்ற சில காரணங்களுக்காகத் தகவலை மறுக்கச் சட்டம் இடமளிக்கின்றது. ஆயினும் பொதுநலன் அதிலும் மேலோங்கி நின்றால் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் சொல்கின்றது.

2. கேட்பதற்கு ஆயத்தமா?

இச்சட்டத்தின் கீழ் நாம் பெறுவது அலுவலகத்தின் கையில் உள்ள பதிவுகளையே. “ஏன் எங்களைப் புறக்கணித்தீர்கள்?” என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதிலாக ஒரு பத்திரம் கோவையில் இராது. எனவே எந்தப் பத்திரம் வேண்டும் என்று கேட்கப் பழக வேண்டும்.

ஒரு குளப் புனரமைப்பை உதாரணமாகக் கொள்வோம். அணைக்கட்டுக்குக் கொட்டப்பட்ட மண் போதாது என்று ஊரவர் எண்ணுகின்றனர். அவர்கள் மூன்று பத்திரங்களைக் கேட்கலாம்: வேலை மதிப்பீடு, ஒப்பந்தம், கொடுப்பனவுக்கு முன் வேலையை அளந்து எழுதிய அறிக்கை. எத்தனை கியூப் மண்ணுக்குப் பணம் கொடுக்கப்பட்டது, துருசுக்கும் வானுக்கும் எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பவை அவற்றில் இருக்கும். பின்னர் அளவு நாடாவுடன் அணைக்கட்டுக்குப் போகலாம்.

காணி விடயம் இன்னும் முக்கியமானது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெற்ற உத்தரவுப் பத்திரங்களைப் பலர் இடப்பெயர்வில் இழந்தனர். பிரதேச செயலகத்தின் காணிப் பதிவேட்டில் தமது பெயருக்குரிய பக்கத்தின் பிரதியை அவர்கள் கேட்கலாம். பதிவேடே அழிந்திருந்தால் அதையும் எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. “இல்லை” என்று வாயால் சொல்வது காற்றோடு போகும். கடிதத்தில் சொன்னால் அடுத்த படிக்கு அது உதவும்.

இதற்கெல்லாம் சங்கத்தில் ஒரு கோவை வேண்டும். விண்ணப்பத்தின் பிரதி, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி, கொடுத்த திகதி, பதில் வரவேண்டிய திகதி ஆகியன அதில் இருக்க வேண்டும். நாளைத் தவறவிட்டால் மேன்முறையீட்டு வாய்ப்பும் தவறிப்போகும்.

3. காட்டுவதற்கு ஆயத்தமா?

அரசின் அல்லது வெளிநாட்டு அரசின், சர்வதேச அமைப்பின் பணத்தில் பெருமளவு தங்கிப் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனங்களும், அந்தச் சேவையைப் பொறுத்தவரை இச்சட்டத்துக்கு உட்பட்டவை. திருச்சபையின் பெயரால் நடக்கும் நிறுவனங்களும் இந்த நிபந்தனைகளுக்குள் வந்தால் விலக்கல்ல.

சிறிய கிராமச் சங்கத்தைச் சட்டம் நேரே தொடாமல் விடலாம். ஆனால் வீட்டுத்திட்டப் பட்டியலில் தன் பெயர் ஏன் இல்லை என்று கணவனை இழந்த ஒரு தாய் கேட்கும்போது, “அது மேலிடத்து முடிவு” என்று அச்சங்கம் சொன்னால், அலுவலகங்களில் அவள் கேட்டுக் களைத்த அதே பதிலைத்தானே தன் ஊரிலும் கேட்கிறாள்? சங்கம் பரிந்துரைத்த பெயர்கள் எவை, எந்த அளவுகோலில் தெரிந்தார்கள், எந்தக் கூட்டத்தில் முடிவெடுத்தார்கள் என்பவை எழுத்தில் இருந்தால் அவளுக்குப் பதில் உண்டு. தவறு நடந்திருந்தால் திருத்தவும் வழி உண்டு.

4. சங்கத்தை எடைபோடுவோம்

பின்வரும் ஏழு கேள்விகளையும் பொதுக்கூட்டத்தில் கேளுங்கள். பதிலை நிர்வாகத்தினர் அல்ல, அங்கத்தவர்களே சொல்லட்டும். உரிய புத்தகம் மேசையில் இருந்தால் மட்டுமே “ஆம்” என்று எழுதுங்கள்.

(1) கூட்டறிக்கைப் புத்தகம் ஒழுங்காக எழுதப்பட்டு அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்படுகின்றதா?
(2) காசேடு, வங்கிப் புத்தகம், பற்றுச்சீட்டுகள் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா?
(3) பொருளாளர் வெளியூர் சென்றாலும் கணக்கைக் காட்ட இன்னொருவரால் முடியுமா?
(4) உதவி பெற்றோரைத் தெரிவுசெய்த அளவுகோல், தெரிவுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டதா?
(5) சங்கம் பொறுப்பேற்ற வேலையின் தொகை, வேலைத்தளத்திலோ சனசமூக நிலையத்திலோ எழுதி ஒட்டப்பட்டதா?
(6) கேள்வி கேட்பவருக்குப் பதில் சொல்ல ஒருவர் பொறுப்பாக உள்ளாரா? பெண்களும் அவரிடம் தயக்கமின்றிச் செல்ல முடிகின்றதா?
(7) மீண்டும் ஓர் இடப்பெயர்வோ வெள்ளமோ வந்தால் தப்பக்கூடிய வகையில் முக்கிய பத்திரங்களின் பிரதிகள் வேறோர் இடத்தில் உள்ளனவா?

ஐந்துக்கு மேல் “ஆம்” வந்தால் சங்கம் நல்ல நிலையில் உள்ளது. மூன்றுக்குக் குறைந்தால் முதல் இரண்டு கேள்விகளிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். சட்டம் நடைமுறைக்கு வந்த பின் உருவாகும் பதிவுகளைப் பகிரங்க நிறுவனங்கள் குறைந்தது 12 ஆண்டுகள் பேண வேண்டும். எமது புத்தகங்களுக்கும் அதே கால எல்லையை வைத்துக்கொள்ளலாம்.

5. எதைக் காட்டக் கூடாது?

வெளிப்படை என்பது எல்லாவற்றையும் சுவரில் ஒட்டுவதல்ல. ஒருவரின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், நோய், குடும்பத் துயரம் ஆகியவை பொதுப் பார்வைக்கு உரியவை அல்ல. பொதுப் பணம் எங்கிருந்து வந்தது, எதற்குச் செலவானது, யார் முடிவெடுத்தார் என்பவை பொதுவானவை. இந்தக் கோட்டைச் சங்கம் முன்கூட்டியே தீர்மானித்து எழுதி வைக்க வேண்டும்.

தன் கணக்கை மூடி வைத்துக்கொண்டு பிரதேச செயலகத்தின் கணக்கைக் கேட்கும் சங்கத்தை ஒரே ஒரு எதிர்க் கேள்வியால் வாயடைக்கச் செய்யலாம். தன் புத்தகத்தை மக்கள் முன் விரித்து வைத்த சங்கமோ அந்த அலுவலகத்தின் வாசலில் தலைநிமிர்ந்து நிற்கும்.

குழுவாகச் சிந்திக்க:

அ. கடந்த ஆண்டு எமது ஊரில் நடந்த எந்த வேலையின் செலவு எமக்குத் தெரியாது? அதற்கு எந்தப் பத்திரத்தைக் கேட்போம்?
ஆ. எமது சங்கத்தில் கேட்கத் தயங்கும் கேள்வி எது? தயக்கம் ஏன்?
இ. அடுத்த கூட்டத்திற்கு முன் எந்த ஒரு புத்தகத்தைச் சீர்செய்வோம்? யார் பொறுப்பு?