மழைக்காலச் சேமிப்பு: எத்தனை நாளுக்கு?

2018 ஆகஸ்ட் பெருமழையில் பெரியவாரைப் பாலம் இடிந்து மூணாறு–மறையூர் சாலை துண்டிக்கப்பட்டது. அங்கே போட்ட தற்காலிகப் பாலமும் 2020 ஆகஸ்டில் ஆற்றோடு போயிற்று. ஆகவே மலையில் வாழும் நம் குடும்பங்கள், பாதை திறக்க எத்தனை நாளாகும் என்று பார்த்தே பொருள் சேர்க்க வேண்டும். ஒரு வாரம் என்று வைத்துக்கொள்வோம்.

நால்வருக்கு, நாளொன்றுக்குத் தலைக்குக் கால் கிலோ வீதம் 7 கிலோ அரிசி. இது எல்லார் வீட்டிலும் இருக்கும். மறப்பது தண்ணீரை! குடிக்க, சமைக்கத் தலைக்கு 3 லிட்டர் என்றால் 84 லிட்டர். கொட்டுகிற மழையில் தண்ணீருக்கா பஞ்சம் என்று சிரிக்காதீர்கள், கிணறு கலங்கிவிடும். அடுப்பெரியாத நாளுக்கு அவல், பொட்டுக்கடலை, வெல்லம். தீப்பெட்டி நமுத்துவிடும், இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ரயில்வே ஸ்டோரில் எங்கள் வழக்கம், முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே; பரணிலும் அப்படியே.

வீட்டின் பின்சரிவில் வெடிப்பு கண்டால் மட்டும் அரிசியைப் பார்க்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.