பொதுக் கணினியும் தனிப் பூட்டும்

ஒரு குடும்பத்தில் ஒரே கணினி இருந்து, அதனைத் தகப்பனார், தாயார், பிள்ளைகள் ஆகிய அனைவரும் உபயோகித்து வருவார்களாயின், அதன் வாயிலை எவ்வளவு இறுக்கமாகப் பூட்டுவது, எவ்வளவு தாராளமாகத் திறந்து வைப்பது என்னும் கேள்வி எழுவது இயற்கையே. நம் அங்கத்தினர் வீடுகளில் இக்கேள்வி வெறும் ஏட்டளவில் நிற்பதன்று. 2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மேனிலைப் பள்ளி மாணவர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினி செல்லூர் நெசவாளர் வீடுகளுக்கும் வந்தது. மேலூர், சோழவந்தான் பக்கத்து உழவர் வீடுகளுக்கும் வந்தது. பிள்ளையின் பாடத்திற்கென வந்த கணினி நாளடைவில் வீட்டின் கணினியாயிற்று. சேலை விற்ற பணம் வங்கியில் ஏறிற்றா என்று பார்ப்பது அதில்தான். மானிய விண்ணப்பம் அனுப்புவது, தாயாரின் மகளிர் குழுக் கணக்கு எழுதுவது, இளைய பிள்ளை விளையாடுவது யாவும் அதில்தான்.

கணினியைப் பலர் கூடிப் பயன்படுத்துவது மதுரைப் பக்கத்திற்குப் புதிதன்று. 2001ஆம் ஆண்டில் மேலூர் வட்டத்துக் கிராமங்களில், சென்னை ஐ.ஐ.டி.யும் வேறு சில நிறுவனங்களும் கூடி இணையநிலையங்களை அமைத்தன. சான்றிதழ் வேண்டுவோரின் மனுக்கள் அங்கிருந்து வட்டாட்சியர் அலுவலகத்திற்கு மின்னஞ்சலாகச் சென்றன. கண் நோயுற்றோரின் படங்கள் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டன. அந்நிலையங்களுள் பல சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன என்பது வேறு கதை. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அங்கே கணினியின் அருகில் நிலையத்தை நடத்துபவர் ஒருவர் எப்போதும் அமர்ந்திருந்தார். யார் வந்தார், எதைத் திறந்தார் என்பதை அவர் கண்ணாரக் கண்டார். வீட்டுக் கணினிக்கு அத்தகைய காவலர் இல்லை. அந்த வேலையை இயந்திரமே பார்க்க வேண்டும். அதற்குரிய ஏற்பாட்டை நாம் செய்து வைக்க வேண்டும்.

கடவுச்சொல் என்பதே பலர் ஒரு கணினியைப் பங்கிட்டுக் கொண்டதால் பிறந்ததுதான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும், பலர் ஒரே சமயத்தில் ஒரே கணினியில் வேலை செய்யும் முறையை வகுத்தனர். ஒருவர் கோப்பை மற்றொருவர் தொடாதிருக்கும் பொருட்டு ஆளுக்கொரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. 1962இல் ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையால், அனைவருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்துக் கொண்டார்! அவர் திருடர் அல்லர். வேலை முடிய வேண்டுமே என்று அவசரப்பட்டவர். வீட்டிற்குள்ளும் பூட்டு உடைபடுவது பெரும்பாலும் இவ்விதமே. தீய எண்ணத்தைக் காட்டிலும் அவசரமே அதிகக் கேடு செய்கிறது.

இதனைச் சிறிது விரித்துப் பார்ப்போம். பாதுகாப்பை உத்தேசித்துப் பதினாறு எழுத்துக் கடவுச்சொல் ஒன்றை வீட்டார் வைக்கிறார்கள் எனக் கொள்வோம். நாளொன்றுக்குப் பத்து முறை திறக்க வேண்டிய கணினி அது. இரண்டே நாளில் அச்சொல் ஒரு சீட்டில் எழுதப்பட்டுத் திரையின் ஓரத்தில் ஒட்டப்படும். பூட்டு பெரிது, சாவி வாசற்படியிலேயே தொங்குகிறது. மறுபுறம், தொல்லையே வேண்டாமென்று பூட்டின்றி விட்டால், விளையாட வந்த பிள்ளையும் பாவு வாங்க வந்த விருந்தினரும் வங்கிக் கணக்கின் வாசல் வரை தடையின்றிச் செல்லலாம். ஆகவே அடிக்கடி திறக்கும் கதவுக்கு இலேசான தாழ்ப்பாளும், எப்போதாவது திறக்கும் பெட்டிக்குக் கனத்த பூட்டும் இருப்பதே முறை. நம் வீடுகளின் அமைப்பும் அதுதானே! தறி இருக்கும் முன்கட்டு பகலெல்லாம் திறந்தே கிடக்கிறது; பத்திரமும் நகையும் இருக்கும் பெட்டியோ உள்ளறையில் பூட்டிக் கிடக்கிறது.

இதனைக் கணினியில் நடைமுறைக்குக் கொணர்வது கடினமன்று. முதலாவதாக, வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு ஏற்படுத்துக. அஞ்சறைப் பெட்டியில் கடுகும் மிளகும் ஒரே பெட்டிக்குள் இருந்தும் கலவாதது போல, ஒருவர் கோப்புகள் மற்றொருவர் கோப்புகளோடு கலவா. இவை யாவும் சாதாரணக் கணக்குகளாகவே இருத்தல் வேண்டும். புதிய மென்பொருளை ஏற்றவும் அமைப்புகளை மாற்றவும் அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கு ஒன்றைத் தனியே வைத்து, அதனை அன்றாட வேலைக்கு உபயோகியாது விடுக. நம் சங்கத்தின் முத்திரையைக் காரியதரிசி சட்டைப் பையில் போட்டுக் கொண்டு சந்தைக்குப் போவதில்லை அல்லவா? பிள்ளை இலவச விளையாட்டு என்று எதையேனும் இறக்கும்போது கணினி நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். மாதம் ஒருமுறை ஏற்படும் இத்தடங்கல் வீட்டாருக்குச் சுமையாகாது. அவ்வாறு கேட்காமலே ஓடும் தீய நிரல்களும் உண்டு. எனினும் அவை பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் கணக்கிற்குள் அடங்கி நிற்கும். தாயார் கணக்கின் கோப்புகளைத் தொட அவற்றுக்கு எளிதில் வழியிராது.

அன்றாடம் நுழைவதற்குக் குறுகிய பின் எண் போதும். நான்கு அல்லது ஆறு இலக்கம் எப்படிப் போதும் என்று ஐயுறலாம். பாதுகாப்புச் சில்லு பொருத்திய புதிய கணினிகளில் அந்த எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே செல்லும். பலமுறை தவறாக இட்டால் கணினி மேலும் முயல விடாது. வங்கியின் கடவுச்சொல்லோ அப்படிப்பட்டதன்று. அதனை உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவன் இட்டுப் பார்க்கக் கூடும். ஆதலின் வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் நீண்ட சொற்றொடரே வேண்டும். மின்னஞ்சலை வங்கியோடு சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் கடிதங்கள் பெரும்பாலும் அங்கேதான் வருகின்றன. ஊடை, கிணறு, தாழம்பூ, மாட்டுவண்டி என்பன போல் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோத்தால் நினைவிலும் நிற்கும், பிறர் ஊகிக்கவும் இயலாது. (இங்கே அச்சான இந்நான்கையுமே யாரும் வைத்துக் கொள்ள வேண்டாம்!) அவ்வப்போது மாற்ற வேண்டும், குறியீடும் எண்ணும் கலக்க வேண்டும் என்று முன்னர்ப் பரிந்துரைத்த அமெரிக்கத் தரநிலை நிறுவனமே 2017இல் அவ்விதிகளைக் கைவிட்டு, நீளமே முக்கியம் என்றது.

இனி உலாவியைப் பற்றி. கடவுச்சொல்லை நினைவில் வைக்கவா என்று அது கேட்கும்போது பலரும் யோசியாமல் இசைந்து விடுகின்றனர். தனிக் கணக்கிற்குள் அவ்வாறு சேமிப்பது ஓரளவு ஏற்கத்தக்கதே. எல்லாரும் புழங்கும் ஒரே கணக்கில் வங்கிச் சொல்லைச் சேமிப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டியின் மேலேயே வைப்பதாகும். உலாவியில் சேமித்த சொற்களை வாரிச் செல்வதற்கென்றே எழுதப்பட்ட திருட்டு நிரல்கள், விலைக்குரிய விளையாட்டை இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தளங்களின் வழியே வருகின்றன.

சங்க நிர்வாகத்தில் பழகியோர் இரட்டைப் பூட்டை அறிவர். ரொக்கப் பெட்டியின் ஒரு சாவி ஒருவரிடமும் மற்றொன்று வேறொருவரிடமும் இருக்கும். கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் வங்கி கேட்பது இந்த ஏற்பாடே. ஆனால் வீட்டில் நடப்பது யாது? கடவுச்சொல் உலாவியில் கிடக்கிறது. கைபேசி பூட்டின்றிக் கணினியின் அருகிலேயே கிடக்கிறது. வந்த எண் பூட்டிய திரையிலும் பளிச்சென்று தெரிகிறது. இரு சாவியும் ஒரே ஆணியில் தொங்கினால் இரட்டைப் பூட்டுக்குப் பொருளென்ன? கைபேசிக்குப் பூட்டு இடுவதும், பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் வாசகம் தோன்றாதபடி அமைப்பதும் ஐந்து நிமிட வேலை.

இது பணத்தோடு நிற்கும் விஷயமுமன்று. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளின் பெண்களிடம் நடத்தப்பெற்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு, குடும்பத்தோடு பகிரும் கைபேசியில் அவர்கள் செய்திகளை அழித்தும், செயலிகளுக்குத் தனிப் பூட்டு இட்டும், சிலவற்றைச் செய்யாமலே தவிர்த்தும் தம் அந்தரங்கத்தைக் காத்துக் கொண்டதை எடுத்துக் காட்டிற்று. குழுக் கணக்கு எழுதும் தாயாருக்கும், கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மகளுக்கும் தனிக் கணக்கு இருப்பதை அவநம்பிக்கை என்று கருதலாகாது. குடும்பத் தலைவர் எல்லாருடைய கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கி வைத்துக் கொள்வது சில வீடுகளில் வழக்கம். அது பாதுகாப்பு ஆகாது என்பதே எமது கருத்து.

எனினும் தலைவருக்கு ஏதேனும் நேர்ந்தால் வீட்டார் திண்டாடக் கூடாது. நிர்வாகிக் கணக்கின் சொல்லையும் மின்னஞ்சலின் சொல்லையும் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, பட்டாவும் சேமிப்புப் புத்தகமும் இருக்கும் பெட்டியில் வைக்கலாம். தாளில் எழுதுவதே குற்றம் என்பாருடன் நாம் உடன்படவில்லை. எங்கே வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

கணினியே களவு போனால் உள்நுழைவுப் பூட்டு மட்டும் காவாது. உள்ளிருக்கும் வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் படிக்கலாம். அரசு வழங்கிய கணினிகளுள் சிலவற்றில் உள்ளவாறு விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருப்பின், ஒன்றின் கோப்புகளை மற்றொன்றின் வழியே திறக்கவும் கூடும். வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்தால்தான் இதற்குத் தடை உண்டு. அந்த வசதி இல்லாத கணினியில் வங்கித் தாள்களைச் சேமிக்காதிருத்தல் நன்று. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டது. அத்தகைய பழைய கணினியைப் பாடத்திற்கும் எழுத்து வேலைக்கும் வைத்துக் கொண்டு, பண விவகாரத்தை வேறிடத்தில் நடத்துக.

ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டில், முதலில் வணிக வங்கிகளுக்கும் பின்னர்க் கூட்டுறவு வங்கிகளுக்கும், அனுமதியின்றி நடந்த மின்வழிப் பணப் பரிமாற்றங்களைப் பற்றிச் சுற்றறிக்கை விடுத்தது. வாடிக்கையாளர் தம் இரகசியச் சொல்லைப் பிறர்க்கு வெளியிட்டமை போன்ற அஜாக்கிரதையால் நஷ்டம் வந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையில் போன பணம் முழுவதும் அவரையே சாரும் என்றும், தெரிவித்த பின் நேரும் நஷ்டம் வங்கியைச் சாரும் என்றும் அது கூறிற்று. ஆகவே கணக்கில் ஐயத்துக்கிடமான பற்று ஏதேனும் கண்டால், வீட்டில் யார் தொட்டது என்ற விசாரணையைப் பின்னர் வைத்துக் கொண்டு, அக்கணமே வங்கிக்கும், 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். பேசும்போது கணக்கு எண், தொகை, நேரம், வந்த குறுஞ்செய்தி ஆகியவற்றைக் கையில் வைத்திருப்பின் தாமதம் குறையும்.