சூட்டியின் நாலரை மணி

விடியப்புறம் நாலரை. வீடு முழுக்க இருட்டு. நுளம்பு வலையில் நகம் பிறாண்டும் சத்தம் கேட்கும். நான் அசையாமல் கிடந்தால் வலைக்கு மேலால் ஒரு பாதம் என் கன்னத்தை அமத்தும். அதற்கும் எழும்பாவிட்டால் காதோடு ஒரு நீண்ட ‘மியாவ்’. எங்கள் வீட்டு மூன்று நிறப் பெட்டைப் பூனை சூட்டி எட்டு மாதமாக என்னை இப்படித்தான் எழுப்பினாள். அந்த நைலோன் வலையில் நான் நூல் போட்டுத் தைத்த ஓட்டைகளை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். பதினேழு இருந்தன.

வட்டக்கச்சியில் இருந்து கிளிநொச்சி நகரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். இரவுச் சமையல், பிள்ளைகளின் பாடம் எல்லாம் முடிந்து சரியும்போது பதினொரு மணியாகிவிடும். ஐந்தரை மணி நேர நித்திரையோடு மாதக்கணக்கில் ஓடினால் உடம்பு சும்மா இருக்காது. தலையிடி, மறதி. ஒன்றுமில்லாத விடயத்துக்குப் பிள்ளைகளில் எரிந்து விழுந்தேன். ‘பூனை எழுப்புது’ என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். நித்திரை கெட்டவருக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

“சாக்குக்குள்ள போட்டுக் கட்டி, வாய்க்காலுக்கு அங்கால விட்டிட்டு வா பிள்ளை” என்று பக்கத்து வளவு மாமி சொன்னார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் வழி அது. என்னால் அது முடியாது. 2008 கடைசியில் சண்டை நெருங்க, உழவு இயந்திரப் பெட்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு தருமபுரம் பக்கமாக வெளிக்கிட்டபோது எங்கள் கறுப்புக் கடுவன் குசினியின் அரைச்சுவரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சட்டி சோற்றை வைத்துவிட்டு வந்தோம். 2010இல் திரும்பி வந்தபோது அந்தச் சுவர் மட்டும் நின்றது. இன்னொரு பூனையை நானாகக் கொண்டுபோய் விடமாட்டேன். ஆகவே இருவரும் ஒரே கூரைக்குக் கீழே நித்திரை கொள்ள ஒரு வழி தேடினேன்.

முதலில் பார்க்க வேண்டியது நோய். சூட்டிக்கு முன்னர் இருந்த கிழட்டுக் கடுவன் பன்னிரண்டு வயதளவில் இரவிரவாகக் கத்தத் தொடங்கினான். பழக்கம் என்று நினைத்துக் காதைப் பொத்திக்கொண்டு இரண்டு மாதத்தைக் கடத்திவிட்டேன். அவன் கிணற்றடி வாளிக்குள் தலையை விட்டு அடிக்கடி தண்ணீர் குடித்ததும், முதுகெலும்பு தெரிய மெலிந்ததும் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தன. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனபோது சிறுநீரகம் பெரும்பாலும் பழுதாகிவிட்டிருந்தது. அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை. வயதான பூனைக்குச் சிறுநீரகம், தைரொயிட், இரத்த அழுத்தம் எது கெட்டாலும் இரவில் கத்தலாம். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தாலோ, தண்ணீர் அதிகமாகக் குடித்தாலோ, இல்லாத பழக்கம் திடீரென்று வந்தாலோ உடனே காட்டுங்கள். வீட்டில் இருக்கிற பனடோலில் அரைவாசியைக் கொடுக்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். பரசிற்றமோல் பூனைக்கு நஞ்சு. அரைக் குளிசையே உயிரை எடுத்துவிடலாம்.

சூட்டிக்கு நோய் எதுவும் இல்லை. கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்தாயிற்று. அது செய்யாத பெட்டைப் பூனை பருவத்துக்கு வந்தால் இரவில் கத்தத்தான் செய்யும். கடுவன்கள் வெளியே நின்று பதில் சொல்லும். அதை எந்தப் பழக்கத்தாலும் நிறுத்த முடியாது.

பிறகு நேரத்தைப் பற்றி யோசித்தேன். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு நேரம் என்றால் ஒரு தனிக்கதை. 1996இல் மழையில்லாமல் நீர்மின்சாரம் குறைந்தபோது அரசாங்கம் மணிக்கூட்டை மே மாதத்தில் ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை நின்றது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த எங்கள் பக்கம் அதை ஏற்கவில்லை. ஓமந்தை தாண்டி வவுனியாவுக்குள் கால் வைத்தால் கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டும். எதற்கும் ‘பழைய நேரமா, புது நேரமா’ என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தோம். சேவலுக்கும் மாட்டுக்கும் அந்தக் கேள்வியே இல்லை. அவை வெளிச்சத்தைப் பார்த்து எழும்பின.

பூனையும் அப்படித்தான் இருக்க வேண்டும். விடியலும் மைம்மலும் அதன் வேட்டை நேரம். எலியும் குருவியும் அசையும் பொழுது அதுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் சூரியன் எல்லா மாதமும் ஒரே நேரத்துக்கு உதிப்பதில்லை. ஜூனில் ஆறு மணிக்குச் சற்று முன்னர். ஜனவரி கடைசியில் ஆறரை அளவில். சூட்டி தையிலும் நாலரைக்கு எழுப்பினாள், ஆனியிலும் நாலரைக்கே எழுப்பினாள். அதைக் கவனித்த அன்றுதான் எனக்கு விளங்கியது. இது வெளிச்சம் கொடுத்த நேரம் இல்லை. யாரோ பழக்கிய நேரம்.

பழக்கியது நான்தான். அந்தத் தை மாதம் காலபோக அறுவடை. வயலில் நின்றவர்களுக்குச் சாப்பாடு கட்ட இரண்டு கிழமை நாலரைக்கு எழும்பினேன். பிறிட்ஜில் இருந்து மீனை எடுத்து வெட்டும்போது தலையையும் வாலையும் சூட்டிக்குப் போட்டேன். அறுவடை முடிந்து நெல்லு மூட்டை வீட்டுக்கு வந்துவிட்டது. அவளுக்கு அது முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்த பிழை இன்னும் பெரியது. சில நாள் எழும்பிச் சோறு வைத்தேன், சில நாள் ஏசினேன், சில நாள் படுத்தே கிடந்தேன். பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் கண்டது இதைத்தான்: எப்போதும் கிடைக்கும் பரிசைவிட, எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் ஒரு பழக்கத்தை ஆழமாக ஊன்றும். அதிட்டலாபச் சீட்டில் எப்போதோ ஒருநாள் சின்னத் தொகை விழுந்தவர் அதற்குப் பிறகு சந்தியில் சீட்டு வாங்காமல் தாண்டமாட்டார். ஏசுவதும் ஒரு பரிசுதான். நான் வலைக்குள் இருந்து எழும்பி “போடி அங்கால” என்று கத்தியது அவளுக்கு, ‘ஆள் எழும்பிவிட்டா, இனிக் குசினிதான்’ என்றே கேட்டிருக்கும். தண்ணீர் தெளிப்பதையும் ஒருநாள் செய்து பார்த்தேன். எழுப்புவது நிற்கவில்லை. என் கை உயர்ந்தால் ஒதுங்கிப் போனாள், அவ்வளவுதான். அடிப்பதும் வெருட்டுவதும் இந்த விடயத்தில் ஒன்றுக்கும் உதவாது.

‘அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படு’ என்பார்கள். எங்களுடையது வீட்டுத்திட்டத்தில் கட்டிய ஓட்டு வீடு. சீலிங் இல்லை; அறைச் சுவருக்கும் ஓட்டுக்கும் இடையில் வெளி. சாத்திய கதவுக்கு மேலால் ஏறி, அலுமாரியில் குதித்து இறங்குவாள். வெளியே விட்டுப் படுக்க எனக்கு மனம் இல்லை. இரவில் நாய்க்கூட்டம், வரம்பில் புடையன்.

ஆகவே ஆவணி மாதம் தொடங்கினேன். மாற்றியது இரண்டு விடயம்.

ஒன்று, இரவு. பகல் முழுக்க ஆள் இல்லாத வீட்டில் சூட்டி நித்திரைதான். இரவுக்கு அவளிடம் பலம் மிச்சம் இருந்தது. அதனால் ஒன்பதரைக்கு ஒரு பனையோலைத் துண்டைக் கயிற்றில் கட்டி, விறாந்தையில் இழுத்து ஓடவிட்டேன். பதினைந்து நிமிடம். பெரும்பாலும் மகன்தான் இழுப்பான். கடைசியில் அவளைப் பிடிக்க விட வேண்டும்; பிடிபடாமலே முடித்தால் அமைதியடைய மாட்டாள். அது முடிந்த கையோடு சாப்பாடு. முன்பு ஆறு மணிக்குச் சோற்றில் கொஞ்சம் மீன் தண்ணீர் பிசைந்து வைப்பேன். அது நாலரை வரை எப்படித் தாங்கும்? பூனை இறைச்சி தின்னும் பிராணி. இப்போது உப்பும் தூளும் இல்லாமல் அவித்த சூடை மீனை முள் எடுத்துப் பெரும் பங்காகவும், சோற்றைப் பேருக்கும் வைக்கிறேன். வேட்டை, சாப்பாடு, நக்கித் துடைத்தல், நித்திரை என்பதுதான் பூனையின் இயற்கை ஒழுங்கு. அந்த ஒழுங்கை எங்கள் படுக்கை நேரத்துக்குக் கொண்டுவந்தேன்.

மற்றது, காலை. நான் எழும்புவதற்கும் அவளுடைய சாப்பாட்டுக்கும் இருந்த தொடுப்பை அறுத்தேன். எழும்பி முகம் கழுவி, முற்றம் கூட்டி, தேத்தண்ணி வைத்து, தேங்காய் திருவி முடித்த பிறகுதான் அவளுடைய கோப்பையில் கை வைப்பேன். ஒரு மாதத்தில் அவளுக்குத் திருவலைச் சத்தம்தான் சாப்பாட்டு மணி ஆனது. அந்தச் சத்தத்தை எத்தனை மணிக்கு எழுப்புவது என்பது என் கையில் இருந்தது.

நாலரைக்கு அவள் வந்தால் கண் திறப்பதில்லை, திரும்பிப் படுப்பதில்லை, ஒரு சொல் சொல்வதில்லை. முதல் நான்கு நாள் வழமைபோல. ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் போனது. கத்தினாள், அலுமாரிக்கு மேல் இருந்த பிஸ்கற் ரின்னைத் தட்டி விழுத்தினாள், கால் பெருவிரலைக் கடித்தாள். பழகிய வழி பலிக்காதபோது எந்த உயிரும் கைவிடுவதற்கு முன்னர் இன்னும் பலமாக முயன்று பார்க்கும். பெரும்பாலானவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். அன்று எழும்பினால், இவ்வளவு கத்தினால்தான் கிடைக்கும் என்று படிப்பித்ததாகிவிடும். வலையின் ஓரத்தைப் பாய்க்குக் கீழே இன்னும் இறுக்கமாகச் செருகிவிட்டுக் கிடந்தேன். (வீட்டுப் பூனைக்கும் விசர்நோய்த் தடுப்பூசி போட்டு வையுங்கள். கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆசுப்பத்திரிக்குப் போங்கள்.)

ஒன்பதாம் நாள் அவள் வரவில்லை. சந்தோசமாக எழும்பிப் போனால் குசினியில் அம்மா. காலடியில் சூட்டி, வாயில் மீன் தலை.

“பாவம் பிள்ளை, அதுக்குப் பசிக்குது. பசியோட கத்துறதக் கேட்டுக்கொண்டு என்னெண்டு கிடக்கிறது?”

எனக்குக் கோபம் வரவில்லை. முள்ளிவாய்க்கால் வரை நடந்து வந்த அம்மாவுக்குப் பசி என்ற சொல்லே வேறு. பக்கத்தில் இருந்து ஆறுதலாகச் சொன்னேன்: “அம்மா, அவளுக்குப் பசி இல்லை. ராத்திரி பத்து மணிக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டவள். நீங்கள் குடுக்கிறதெண்டால் குடுங்கோ, ஆனால் தேங்காய் திருவினாப் பிறகு குடுங்கோ.” அன்றிலிருந்து காலைச் சாப்பாட்டை அம்மாவின் பொறுப்பிலேயே விட்டேன். திருவலையில் இருப்பதும் அவர்தான். வீட்டில் ஒருவர் இரங்கினாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றில் இருந்து தொடங்கும். இரங்கும் மனதைத் தடுக்க முடியாது, அதற்கு ஒரு நேரம் குறித்துக் கொடுக்கலாம். மூன்றாம் கிழமை முடிய சூட்டி ஐந்தே முக்கால் வரை என் காலடியில் கிடந்தாள்.

மார்கழியில் ஒரு சோதனை வந்தது. திருவெம்பாவை. நாலு மணிக்கே சங்கும் சேமக்கலமுமாக ஒழுங்கையால் வருவார்கள். முதல் நாள் சூட்டி துள்ளி எழும்பி நேரே குசினிக்கு ஓடினாள். அம்மா கோயிலுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் நாளும் ஓடிப்போய் வெறுங் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தாள்.

மூன்றாம் நாள் சங்குச் சத்தம் படலையைத் தாண்டும்போது நானும் முழித்துவிட்டேன். சூட்டி தலையைத் தூக்கி ஒரு காதை மட்டும் திருப்பினாள். அம்மா போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, குசினிப் பக்கம் பார்க்காமலே வாசலைத் தாண்டிப் போனார். படலை சாத்துப்பட்டது. சூட்டி என் காலில் முதுகைச் சாய்த்து, மூக்கை வாலுக்குள் புதைத்துக்கொண்டாள்.