ஆறும் அரணும்
(விக்ஸ்பர்க் போரில் தரைப்படையும் கடற்படையும்)

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

"ஆத்துல போர்க்கப்பல் ஓடுமா சாமி?"

சென்ற விடுமுறையில் என் தந்தை கேட்ட கேள்வி இது. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய நூல் ஒன்றை நம் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்துச் சென்று திண்ணையில் அமர்ந்து படித்துக் கொண்டிருந்தேன். அதிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். அவர் காவிரியில் பரிசல் ஓட்டுபவர். பள்ளிக்கூடத்தில் கால் வைத்தவர் அல்லர். ஆனால் ஆற்றைப் பற்றி அவருக்குத் தெரியாதது குறைவு. "ஓடும் அப்பா" என்று சொல்லிவிட்டேன். ஓடி என்ன செய்யும் என்று அவர் அடுத்துக் கேட்டபோது விழித்தேன். அந்த விழிப்பின் பயனே இக்கட்டுரை.

இன்னொரு காரணமும் உண்டு. தேசிய மாணவர் படையின் தரைப்படைப் பிரிவில் இருக்கிறேன். ஆண்டு முகாமில் வேறொரு கல்லூரியின் கடற்படைப் பிரிவு மாணவர்களோடு எங்களுக்கு ஓயாத வாக்குவாதம். "கப்பல் என்பது சிப்பாயை ஏற்றிச் செல்லும் வண்டி" என்பது எங்கள் கட்சி. "நாங்கள் சுட்ட பிறகு நீங்கள் வந்து கொடி நடுவீர்கள்" என்பது அவர்கள் கட்சி. இரண்டுமே தவறு என்பதை 1862, 1863 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மிசிசிப்பி ஆற்றிலும் அதன் கிளைகளிலும் நடந்தவை எனக்குக் காட்டின.

அடிமை முறையைக் காக்கப் பிரிந்து சென்ற தென்மாநிலங்களுக்கும் ஒன்றியத்தைக் காக்க நின்ற வடமாநிலங்களுக்கும் 1861இல் போர் மூண்டது. தெற்கை நெடுக்காகப் பிளந்து ஓடுகிறது மிசிசிப்பி. அந்த ஆறு வடக்கின் கைக்கு வந்துவிட்டால் டெக்சஸ், ஆர்கன்சஸ் முதலிய மேற்கு மாநிலங்கள் தெற்கிலிருந்து துண்டிக்கப்படும். ஆகவே ஆற்றுக்கென்றே கப்பல் கட்ட வடக்கு முனைந்தது. ஜேம்ஸ் ஈட்ஸ் என்ற பொறியாளர் ஏழு கவசப் படகுகளைக் கட்டிக் கொடுத்தார். நீளம் 175 அடி, அகலம் சுமார் 51 அடி, பீரங்கிகள் 13. இத்தனை பெரிய உருவம் மிதக்க ஆறடி ஆழத் தண்ணீர் போதும். முன்புறத்தில் இரண்டரை அங்குல இரும்புத் தகடு. பார்ப்பதற்கு ஆமை போலிருந்ததால் ஆமைகள் என்றே அவற்றை அழைத்தனர்.

இங்கே ஒரு வேடிக்கை. இந்தப் படகுகளைப் பணம் கொடுத்துக் கட்டியது தரைப்படை. ஓட்டியவர்கள் கடற்படை அதிகாரிகள். படகு ஒருவருக்கு, துடுப்பு ஒருவருக்கு என்ற கதைதான். 1862 அக்டோபர் முதல் தேதிதான் அவை முறைப்படி கடற்படைக்கு மாற்றப்பட்டன. அதன் பிறகும் தளபதி கிராண்ட் கடற்படைக்கு ஆணையிட முடியாது. கடற்படைத் தலைவர் போர்ட்டர் தரைப்படைக்கு ஆணையிட முடியாது. இருவருக்கும் பொதுவான மேலதிகாரி வாஷிங்டனில் இருந்த குடியரசுத் தலைவர் லிங்கன் ஒருவரே! ஆக, ஒருவர் மற்றவரிடம் கேட்டுத்தான் பெற வேண்டும். கேட்டதை மறுக்கவும் உரிமை உண்டு.

1862 பிப்ரவரி 6. டென்னசி ஆற்றங்கரையில் ஹென்றி கோட்டை. அதைக் கட்டியவர்கள் தாழ்ந்த நிலத்தில் கட்டிவிட்டார்கள். வெள்ளம் வந்து கோட்டைக்குள்ளேயே தண்ணீர் ஏறியிருந்தது. ஃபுட் என்ற கடற்படைத் தலைவர் நேருக்கு நேர் நின்று சுட்டார். கிராண்டின் படை சேற்றில் நடந்து வந்து சேர்வதற்குள் கோட்டை பணிந்துவிட்டது. சரணாகதியை ஏற்கச் சென்றவர்கள் கோட்டை வாயிலுக்குள் படகிலேயே போனார்களாம்!

எட்டே நாள் கழித்து, பன்னிரண்டு மைல் தொலைவில், கம்பர்லாந்து ஆற்றின் மேலிருந்த டோனல்சன் கோட்டையில் அதே ஃபுட் அதே முறையைக் கையாண்டார். இக்கோட்டை மேட்டில் இருந்தது. படகுகள் நெருங்க நெருங்க, மேலிருந்து வந்த குண்டுகள் கவசமற்ற மேற்பரப்பில் செங்குத்தாக விழுந்தன. சாய்வான இரும்புத் தகடு எதிரே வரும் குண்டைத் தெறிக்க வைக்கும். தலைக்கு மேலிருந்து வருவதை என்ன செய்யும்? எறிபொருள் இயக்கப் பாடத்தில் நாம் போடும் கணக்குத்தான் இது. இரண்டு படகுகள் சுக்கான் இழந்து, கட்டுப்பாடின்றி ஆற்றோடு மிதந்து சென்றன. ஃபுட் காயமுற்றார். இம்முறை கோட்டையை வளைத்துப் பிடித்தது தரைப்படை. 16ஆம் தேதி சுமார் 12,000 பேர் சரணடைந்தார்கள். முகாமில் எங்களோடு வாதிட்ட நண்பர்கள் ஹென்றி கோட்டையை மட்டும் சொல்வார்கள். நாங்கள் டோனல்சனை மட்டும் சொல்வோம்.

இரண்டையும் சேர்த்துச் சொல்ல வைத்தது விக்ஸ்பர்க். ஆறு கொண்டை ஊசி போல் வளையும் இடத்தில், ஏறத்தாழ 200 அடி உயர மேட்டில் அமைந்த நகரம் அது. 1862 கோடையில் ஃபாரகட் என்ற கடற்படைத் தலைவர் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வந்து சரணடையச் சொன்னார். நகரம் மறுத்துவிட்டது. கப்பல்கள் பீரங்கிகளைத் தாண்டிச் சென்றன. ஆனால் மேட்டின் மீது ஏறிப் பிடிக்க ஆள் இல்லை. உடன் வந்த தரைப்படை மூவாயிரம் பேர்தாம். அவர்களும் நோயில் விழுந்தார்கள். ஆற்றில் தண்ணீர் வடியவே, ஜூலைக் கடைசியில் ஃபாரகட் திரும்பிவிட்டார். டிசம்பரில் ஷெர்மனின் படை வடக்கே சிக்கசா சதுப்பில் மோதியது; அதுவும் தோற்றது.

1863 மார்ச்சில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விக்ஸ்பர்க்கின் பின்புறத்தை அடைய, ஸ்டீல் ஓடை வழியாகக் காட்டு வாய்க்கால்களில் புகுந்து செல்லலாம் என்று போர்ட்டர் ஐந்து கவசப் படகுகளுடன் கிளம்பினார். நம் ஊர்ப் பாசன வாய்க்காலில் லாரியை ஓட்டுவது போன்ற செயல் அது. இருபுறமும் மரக்கிளைகள் புகைபோக்கிகளை முறித்தன. அடியில் வளர்ந்திருந்த இளம் வில்லோ மரங்கள் படகைப் பிடித்துக் கொண்டு விட மறுத்தன. எதிரிகள் முன்னால் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள்; பிறகு பின்னாலும் வெட்டத் தொடங்கினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பெரும் பீரங்கிகளை வைத்துக் கொண்டு, கரையில் மரத்துக்குப் பின்னே நின்று துப்பாக்கியால் சுடுபவனை ஒன்றும் செய்ய இயலவில்லை! போர்ட்டர் ஒரு துண்டுக் கடிதம் எழுதி, கறுப்பின மனிதர் ஒருவரிடம் கொடுத்து ஷெர்மனுக்கு அனுப்பினார். அம்மனிதர் அதைப் புகையிலைக்குள் மறைத்து எதிரிகளுக்கிடையே கொண்டு போய்ச் சேர்த்தார். அவர் பெயரை நான் படித்த நூல் தரவில்லை.

ஷெர்மன் தம் வீரர்களை இரவோடு இரவாக நாணற்காட்டின் வழியே நடத்தினார். இருட்டில் வழி தெரியக் கைகளில் மெழுகுவர்த்திகள். மறுநாள் அவர்கள் வந்து சேர்ந்தபோது, படகுகள் பகைவரிடம் சிக்கினால் வெடி வைத்துத் தகர்த்துவிடுவது என்ற நிலைக்குப் போர்ட்டர் வந்திருந்தார். திரும்பக்கூட இடமில்லாததால் படகுகள் பின்புறமாகவே வெளியேறின. முயற்சி தோல்விதான். ஆனால் காலாள் இல்லாத கப்பலின் கதி என்ன என்பதைப் போர்ட்டர் கண்ணால் கண்டார். அடுத்த மாதம் கிராண்ட் ஒன்றைக் கேட்டபோது அவர் மறுக்காததற்கு அந்த வாய்க்காலும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

கிராண்ட் கேட்டது இது: தரைப்படை மேற்குக் கரையில் நடந்து நகருக்குத் தெற்கே போய்விடும். ஆனால் ஆற்றைக் கடக்கக் கப்பல் வேண்டும். கப்பல்கள் விக்ஸ்பர்க் பீரங்கிகளுக்கு முன்னால் ஓடி அங்கே வர வேண்டும்.

போர்ட்டர் இசைந்தார், ஒரு எச்சரிக்கையும் செய்தார். கவசப் படகுகள் கீழே போய்விட்டால் பிறகு மேலே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றார். ஏன்? உயர்நிலைப் பள்ளியிலேயே சார்புத் திசைவேகம் படித்திருக்கிறோம். படகின் வேகம் v, நீரோட்டத்தின் வேகம் u எனில், போகும்போது v+u, எதிர்த்து வரும்போது v−u. இரும்பு சுமந்த ஆமைக்கு v குறைவு. மிசிசிப்பிக்கு u அதிகம். எதிர்த்து வரும்போது கோட்டையின் முன்னே ஊர்ந்து செல்ல வேண்டும். குறி வைப்பவனுக்கு அதைவிட வசதி வேண்டுமா? ஆகவே இது போனால் திரும்பாத பயணம். கிராண்டின் திட்டம் தோற்றால் வடபகுதி ஆற்றைக் காக்கும் கப்பல்களும் இல்லாமல் போகும். வேறொரு படையின் தளபதி போட்ட திட்டத்துக்காகத் தம் கப்பல்களை இப்படிப் பணயம் வைக்கும்படி போர்ட்டருக்கு எந்த ஆணையும் கிராண்டால் இட முடியாது என்பதை நண்பர்கள் மறந்துவிட வேண்டாம்.

ஏப்ரல் 16 இரவு. கொதிகலன்களைச் சுற்றிப் பருத்தி மூட்டைகளையும் வைக்கோல் கட்டுகளையும் அடுக்கினார்கள். ஏழு கவசப் படகுகள், மூன்று சரக்குக் கப்பல்கள், உடன் சில துணைக்கலங்கள் விளக்கணைத்து நீரோட்டத்தோடு நழுவின. எதிரிகள் கண்டு கொண்டு, கரையில் தீ மூட்டி வெளிச்சமாக்கிச் சுட்டார்கள். படகுகள் நகரத்துக் கரையை ஒட்டியே சென்றதால், மேட்டிலிருந்த பல பீரங்கிகளை அந்த அளவுக்குக் கீழே சாய்க்க முடியவில்லை. குண்டுகள் தலைக்கு மேல் பறந்தன. டோனல்சனில் கொன்ற அதே உயரம் இங்கே காத்தது! ஒரு சரக்குக் கப்பல் மட்டுமே எரிந்து போனது.

ஆறு நாள் கழித்து மேலும் ஆறு சரக்குக் கப்பல்கள் அனுப்பப்பட்டன. இவற்றை ஓட்டிய கூலி மாலுமிகளில் பெரும்பாலோர் மறுத்துவிட்டனர். தரைப்படைக்குள் ஆள் கேட்டார்கள். சிப்பாய் உடுப்பு போட்டிருந்தவர்களுள் முன்பு ஆற்றில் பிழைத்தவர்கள் ஏராளம்! தேவைக்கு மேல் ஆட்கள் முன்வந்தனர். ஐந்து கப்பல்கள் தப்பின. ஆமைகளில் ஒன்றான கெய்ரோ முந்திய டிசம்பரிலேயே நீர்க்கண்ணியில் மூழ்கியிருந்தது. அதன் தலைவரான செல்ஃபிரிட்ஜ் பின்னர் முற்றுகையின்போது கரையேறி, தரைப்படை வரிசையில் கடற்படைப் பீரங்கிகளை இயக்கினார். அங்கே மாலுமி கரையில், இங்கே சிப்பாய் கப்பலில்.

ஏப்ரல் 29இல் கிராண்ட் கல்ஃப் என்ற இடத்தில் கப்பல்கள் ஐந்து மணி நேரத்துக்கு மேல் சுட்டும் மேட்டுப் பீரங்கியை அடக்க முடியவில்லை. பதினாயிரம் வீரர்கள் கப்பல்களில் காத்திருந்தார்கள். கிராண்ட் பிடிவாதம் பிடிக்காமல் இன்னும் தெற்கே நகர்ந்தார். புரூயின்ஸ்பர்க்கில் நல்ல இறங்குதுறையும், அங்கிருந்து மேட்டுக்குச் சாலையும் உண்டு என்று தெரிவித்தவரும் அவ்வூர்ப் பக்கத்துக் கறுப்பின மனிதர் ஒருவரே. மறுநாள் மாலைக்குள் சுமார் 17,000 பேர் எதிர்ப்பின்றிக் கரையேறினர்.

பிறகு நடந்தவை எல்லா நூல்களிலும் உள்ளன: ஜாக்சன், சாம்பியன் ஹில், 47 நாள் முற்றுகை. முற்றுகை முழுதும் ஆற்றிலிருந்து கப்பல்கள் குண்டு பொழிந்தன; யாசூ ஆறு வழியாக உணவும் மருந்தும் வந்தன. 1863 ஜூலை 4ஆம் நாள் 29,000க்கும் மேற்பட்டவர்களோடு நகரம் சரணடைந்தது.

இவ்வளவையும் தந்தையிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். அவருக்கு v, u எல்லாம் வேண்டியிருக்கவில்லை. நீரோட்டத்தோடு இறங்கிவிட்டுத் திரும்பும்போது பரிசலைத் தலையில் கவிழ்த்துக் கொண்டு கரையோடு நடந்து வருபவர் அவர்.

"கீழ போன கப்பலை அவங்க எப்படிச் சாமி மேல கொண்டாந்தாங்க?" என்றார்.

"ஊர் விழுந்த பின்னாலே சுட ஆளில்லை அப்பா. மெதுவாகவே ஏறி வந்திருக்கலாம்" என்றேன்.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்துக் கொண்டு துறைக்குக் கிளம்பினார்.