சுருள்வில்லும் அரிசி மூட்டையும்

பந்தய வண்டிக்குச் சுருள்வில் எவ்வளவு விறைப்போ அவ்வளவு நல்லது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நண்பர்களே, நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலை அடுத்த ஒரு வீட்டின் பின்கட்டில், மாணவர் பந்தயத்திற்காக நாங்கள் அறுவர் வண்டி கட்டியபோதுதான் அவ்வெண்ணம் மாறிற்று. வண்டி பின்சக்கரங்களால் உந்தப்படுவது. போகவேண்டிய களம் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஓடுதளம். மாருதி 800 இயந்திரத்தைக் கொண்டு ஓரிருக்கைப் பந்தய வண்டிகள் செய்து, 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் பெயரால் விளங்குவது அது. ஓட்டப்போகிறவன் என் அறைத்தோழன்.

வளைவில் வண்டியின் பாரம் உட்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறுகிறது. ஒரே வேகத்தில் மொத்தம் எவ்வளவு மாறும் என்பதைப் பாரமையத்தின் உயரமும் சக்கரங்களின் இடைவெளியுமே முடிவுசெய்கின்றன. வில்லை மாற்றி அதைக் குறைக்க இயலாது. ஆனால் அதில் முன்பக்கத்தின் பங்கு எவ்வளவு, பின்பக்கத்தின் பங்கு எவ்வளவு என்பது வில்லின் கையில் இருக்கிறது. விறைப்பான பக்கமே அதிகப் பங்கை ஏற்கும். டயரோ விசித்திரமான பொருள்! பாரம் இருமடங்கானால் பிடிப்பு இருமடங்காவதில்லை. ஆகவே உட்சக்கரம் இழந்ததை வெளிச்சக்கரம் ஈடுசெய்யாது. பின்பக்கத்தை விறைத்துவிட்டால், வளைவின் முடிவில் முடுக்கியை மிதித்ததும் உட்சக்கரம் வீணே சுழலும். வண்டியின் வால் வெளியே வீசும். பின்பக்கத்தைச் சற்று இளக்கமாக விடுவது இதனால்தான். அளவு மீறி இளக்கினாலோ, பின்பக்கம் அமிழ்ந்து ரப்பர் தடுப்பில் மோதும். நாம் தவிர்த்த விறைப்பே வேண்டாத கணத்தில் வந்து சேரும்.

எண்களுக்கு வருவோம். ஒவ்வொரு பின்வில்லின் மேலும் 70 கிலோ. நொடிக்கு 2.5 அதிர்வு என்று வைத்துக்கொண்டோம். (வீட்டுக் கார்களுக்கு 1 முதல் 1.5 வரை.) 2.5ஐ 6.28ஆல் பெருக்க 15.7, அதன் வர்க்கம் 247, அதை 70ஆல் பெருக்க, மீட்டருக்கு ஏறத்தாழ 17,300 நியூட்டன், அதாவது மில்லிமீட்டருக்கு 17.3. இது சக்கரத்தின் இடத்தில் வேண்டிய விறைப்பு. ஆனால் எங்கள் நெம்புகோல் அமைப்பில் சக்கரம் 10 மி.மீ. ஏறினால் வில் 8 மி.மீ.தான் சுருங்கும். நான் 17.3ஐ 0.8ஆல் வகுத்து, 21.6 என்று எழுதி, அந்த வில்லையே வாங்கிவந்து மாட்டினேன்.

புறப்பட நான்கு நாள் இருந்தது. மளிகைக் கடை அண்ணாச்சியிடம் 25 கிலோ அரிசி மூட்டை இரண்டு இரவல் பெற்று, பின்சக்கரத்திற்கு ஒன்றாக மேலே ஏற்றினோம். டயரின் நசுங்கல் கலவாதபடி, சட்டத்திற்கும் சக்கர அச்சுக்கும் இடையே அளந்தோம். ஒரு மூட்டை 245 நியூட்டன், 17.3ஆல் வகுத்தால் 14 மி.மீ. அமிழவேண்டும். அளவுகோல் 18 காட்டிற்று! மூட்டையின் எடையைச் சந்தேகித்தேன், அண்ணாச்சி கோபித்துக்கொண்டார்.

இரவு பத்து மணிக்கு மேல்தான் பிழை விளங்கிற்று. நெம்புகோல் இருமுறை வேலை செய்கிறது. வில்லின் சுருக்கத்தைக் குறைக்கிறது. வில் தரும் விசை சக்கரத்தை அடையும்போது அதையும் குறைக்கிறது. வகுக்கவேண்டியது 0.8ஆல் அல்ல, அதன் வர்க்கமான 0.64ஆல். வேண்டிய வில் 27. நான் மாட்டியதோடு போயிருந்தால், முதல் மேட்டிலேயே ரப்பர் தடுப்பில் மோதியிருப்பான் என் தோழன்.

பீன்யாவில் ஒரு பட்டறையில் 27க்குச் சுருட்டித் தரச் சொன்னோம், வந்தது 26. அதை மாட்டி மூட்டைகளை மீண்டும் ஏற்றினோம். 15 மி.மீ. அமிழ்ந்தது. அரிசியை அண்ணாச்சியிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த வில்லோடேயே கோவைக்குப் புறப்பட்டோம்.