கழிப்பறை கட்டும்முன் பேண வேண்டிய இரண்டு ஹக்குகள்



வீட்டில் புதிதாகக் கழிப்பறை கட்டும்போது கோப்பையின் விலையையும் டைல்ஸின் நிறத்தையும் நாம் விசாரிக்கிறோம். அவற்றைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். சிமெண்ட் இறுகியபின் மாற்றக் கடினமானவை இரண்டு: கோப்பை வைக்கும் திசை, மண்ணுக்குள் இறங்கும் குழி. முதலாவது அல்லாஹ்வின் ஹக். இரண்டாவது அண்டை வீட்டாரின் ஹக்.

திசை

மலஜலம் கழிக்கும்போது கிப்லாவை முன்னோக்கவோ பின்னோக்கவோ கூடாது என்ற நபிமொழியை அறிவித்தவர் அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்கள். ஷாம் நாட்டில் கிப்லாவை நோக்கிக் கட்டப்பட்ட கழிப்பிடங்களைக் கண்டபோது, அவர்கள் திரும்பி அமர்ந்து அல்லாஹ்விடம் பாவமன்னிப்புத் தேடினார்கள். கட்டடத்துக்குள் சலுகை உண்டென்பது ஷாஃபிஈ மத்ஹப். ஹனஃபி மத்ஹபில் வீட்டுக்குள்ளும் கூடாது. தமிழகத்தில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருப்பதால், கோப்பையை வடக்கு தெற்காக வைக்கும்படி கொத்தனாரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் இரு சாராருக்கும் பேணுதல்.

குழி

ஆழமாகத் தோண்டினால் நெடுநாள் நிறையாது என்று பலர் உறைக்குமேல் உறை இறக்குகிறார்கள். ஆழக்குழி நிலத்தடி நீரைத் தொட்டால், கழிவின் கிருமிகள் பக்கத்துக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். தண்ணீர் தெளிவாகவே தெரியும். குடிக்கும் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வரும்.

பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில், தண்ணீர் மட்டம் மேலே இல்லாத இடத்துக்கு இரட்டை உறிஞ்சு குழி ஏற்றது. ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்குச் சுமார் நாலடி ஆழமே போதும். குழிகளுக்கிடையே 1 மீட்டர், குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 10 மீட்டர் இடைவெளி விட வேண்டும். சுவரில் துளைகள் விட்டுக் கட்ட வேண்டும். அடியில் சிமெண்ட் பூசக் கூடாது. ஒரு குழி நிறைந்ததும் மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழி ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளில் நாற்றமற்ற எருவாகிவிடும். ஈரக் கழிவில் எந்த மனிதரையும் இறக்க வேண்டிய நிலை வராது. அப்படி இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

தூய்மை பாரதம் திட்டத்தில் தகுதியுள்ள கிராமக் குடும்பங்களுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. ஊராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இருட்டும் வரை காத்திருக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கும் முதியோருக்கும் கழிப்பறை பெரிய நிம்மதி. அந்த நிம்மதி அடுத்த வீட்டின் குடிநீரைக் கெடுத்து வரக் கூடாது. ஆகவே மண்வெட்டி எடுக்குமுன் அண்டை வீட்டாரையும் அழைத்து, அவர்கள் கிணற்றிலிருந்து தூரத்தை அளந்துகொள்வோம்.