சர்ப்பகந்தா: வேர்தானே, என்ன செய்துவிடும்?

நம்பிக்கை: மூலிகையெல்லாம் மனத் திருப்திக்கு. உண்மையான பிரஷரை அது இறக்காது.

இறக்கும். சர்ப்பகந்தா வேர் ரத்தக் கொதிப்பைத் தணிப்பதை கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற வங்க மருத்துவர்கள் 1931-லேயே எழுதிவிட்டார்கள். வெளிநாட்டார் கண்ணில் அது அவ்வளவாகப் படவில்லை. 1949-இல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன விஞ்ஞானிகள் வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். செர்பாசில் என்ற பெயரில் அது மாத்திரையானது.

நம்பிக்கை: வேர் ரத்தத்தைச் சுத்தம் செய்து கொதிப்பை அடக்குகிறது.

ரத்தத்தில் அதற்கு வேலையே இல்லை. வேலையெல்லாம் நரம்பு முனையில். ரத்தக் குழாயை இறுக்கும் நார்அட்ரினலின் அங்கே நுண்ணிய பைகளில் இருப்பு வைக்கப்பட்டிருக்கும். பைக்குள் அதை ஏற்றுகிற புரதத்தை ரெசர்பின் முடக்கிவிடுகிறது. உள்ளே போக முடியாத நார்அட்ரினலினை நொதிகள் சிதைக்கின்றன, இருப்பு கரைகிறது. பிறகு நரம்பு எவ்வளவு முடுக்கினாலும் குழாய் முன்போல் இறுகாது, இதயத் துடிப்பும் நிதானப்படும். முழுப் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். ‘மூலிகை மெதுவாகத்தான் கேட்கும்’ என்ற பேச்சு இந்த ஒரு வேரைப் பொறுத்தவரை சரிதான்!

நம்பிக்கை: செடியில் விளைந்தது, பக்க விளைவு கிடையாது.

மூன்றிலும் ஆபத்தானது இதுதான். நரம்பு முனையில் நடப்பதே மூளையிலும் நடக்கிறது. செரட்டோனினும் டோபமினும் சேர்ந்தே கரைகின்றன. 1950-களில் ரெசர்பின் சாப்பிட்டவர்களில் சிலர் கடும் மனச்சோர்வுக்கு ஆளானதாக மருத்துவர்கள் எழுதினார்கள். மூளையில் இந்த வேதிப்பொருள்கள் குறைவதே மனச்சோர்வுக்குக் காரணம் என்ற கருத்துக்கு அந்தக் குறிப்புகளும் வலுச் சேர்த்தன. (அந்தத் தொடர்பு அன்று நினைத்த அளவுக்கு உறுதியானதா என்ற விவாதம் பின்னால் வந்தது.) மூக்கடைப்பு, வயிற்றுப் புண், அசதி ஆகியவையும் உண்டு. இன்று மருத்துவர்கள் ரெசர்பினை எழுதித் தருவது அரிது. தந்தாலும் வழக்கமாக நாளுக்குக் கால் மில்லிகிராமைத் தாண்டுவதில்லை.

ஒரு சிட்டிகை வேர்ப்பொடியில் எத்தனை மில்லிகிராம் ரெசர்பின் இருக்கும்? செடிக்குச் செடி மாறும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பிரஷர் மாத்திரையோடு சேர்த்து இந்தப் பொடியையும் சாப்பிடுகிறவர்கள், அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.